வண்டிச் சத்தம் கேட்டதும் அடங்கும் வீடு: தந்தையர் தம் நிழலை அறியும் முறை

என் அப்பா வேலை முடிந்து வருவதைச் சைக்கிள் ஸ்டாண்டின் சத்தத்தைக் கொண்டுதான் நாங்கள் அறிந்துகொள்வோம். வாசல் கல்லில் ஸ்டாண்டு விழுந்த மறுகணம் அக்கா ரேடியோவைத் திருகி நிறுத்துவாள், நான் திண்ணையில் புத்தகத்தை விரிப்பேன், அடுக்களையில் அம்மாவும் ஆச்சியும் பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றுவிடும். அப்பா எங்களை அதிகம் அடித்தவர் இல்லை. ஆனாலும் அவர் உள்ளே நுழையும்போது வீடே ஒடுங்கிக்கொள்ளும். முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு மாலையில், பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுக் கேட்டின் கொண்டியைத் தூக்கியபோது, உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றதையும் என் மகள் உள்ளறைக்கு ஓடியதையும் கேட்டேன். கொண்டியைப் பிடித்த கையோடு அங்கேயே சிறிது நேரம் நின்றுவிட்டேன். எந்த வீட்டை விட்டுத் தப்பி வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேனோ, அதே வீட்டை என் கையாலேயே கட்டி வைத்திருந்தேன்.

அப்படி ஒருமுறையேனும் தம் வீட்டு வாசலில் நின்ற தந்தையருக்காக, நான் கற்றுக்கொண்டு இன்றும் செய்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். இப்போது பலரும் ‘ஷேடோ ஒர்க்’ என்று சொல்லும் இந்தப் பயிற்சிக்கும் மாந்திரீகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961), ஒருவன் தன்னுடையவை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் ஒதுக்கித் தள்ளிய குணங்களுக்கு நிழல் என்று பெயர் வைத்தார். ஒதுக்கியதனால் அவை அழிந்துபோவதில்லை. அறியாமலேயே கூட வந்து, எதிரே நிற்பவர் மேல் விழுந்து, அவருடைய குற்றம்போலத் தோன்றும். யுங் ஒரு பாதிரியாரின் மகன். பெற்றோர் வாழாமல் விட்ட வாழ்க்கைதான் பிள்ளைகளின் மனத்தை மிகுதியாகப் பாதிக்கிறது என்றும் அவர் கருதினார்.

சைவம் பயின்ற நம் பக்கத்து வீடுகளுக்கு இந்த எண்ணம் முற்றிலும் புதியதாக இராது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் இயற்றிய திருவருட்பயன் என்ற சைவ சித்தாந்த நூலில் ‘இருள்மல நிலை’ என்றொரு அதிகாரம் உண்டு. வெளியில் இருக்கும் இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டிவிடும், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவமாகிய இருளோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்று அங்கே ஒரு குறள் சொல்கிறது. யுங் சொல்லும் நிழல் ஒருவனுடைய வாழ்க்கையில் சேர்ந்தது. சித்தாந்தம் சொல்லும் ஆணவமோ உயிரோடு அநாதியாக ஒட்டியது, அருளால் மட்டுமே நீங்குவது. ஆகவே இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆயினும் ‘தன்னையும் காட்டாது’ என்ற அந்த ஒரு சொல் இந்தப் பயிற்சிக்கு அடித்தளம் ஆகிறது. கண்ணை மூடி உட்கார்ந்து ‘என் நிழல் எது’ என்று யோசித்தால் நமக்கு வசதியான பதில்தான் வரும். நிழலைக் காட்டுவதற்கு அது விழும் இடம் ஒன்று வேண்டும். தந்தைக்கு அந்த இடம் பெரும்பாலும் பிள்ளைதான்.

மாலை போட்ட நாள்கள்

தொடங்கும் முன் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். திருநெல்வேலிச் சீமையில் கார்த்திகை பிறந்தால் தெருவுக்கு நான்கு பேராவது சபரிமலைக்கு மாலை போடுவார்கள். நானும் பல ஆண்டுகள் போட்டிருக்கிறேன். விரதம் இருக்கும் 41 நாள்களும் வெறுங்காலோடு நடந்து, குளிர்ந்த தண்ணீரில் குளித்து, வாயில் கடுஞ்சொல் வராமல் காத்து, பெற்ற பிள்ளையைக்கூட ‘சாமி’ என்று அழைத்திருக்கிறேன். ஒரு தை மாதத்தில், மாலையைக் கழற்றிய மூன்றாம் நாள், என் மகள் அவள் அம்மாவிடம், “அப்பா எப்பம்மா திரும்ப மாலை போடுவாங்க?” என்று கேட்டாள். பக்தியினால் கேட்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த 41 நாள்களில் என் கோபம் எங்கே இருந்தது? அது கரைந்துபோயிருந்தால் மூன்றாம் நாளே திரும்பி வந்திருக்காது. அதை அடக்கி வைக்கும் வலிமை எனக்கு உண்டு என்பதை விரதம் காட்டியது. அது என்ன, எங்கிருந்து வருகிறது என்பதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. தபசு காலத்தில் நாற்பது நாள் அமைதி காத்துவிட்டு ஈஸ்டர் முடிந்ததும் பழையபடி ஆகிவிடும் நண்பரும், ரமலான் நோன்பில் கனிந்து பெருநாள் கழிந்ததும் இறுகிவிடுவதாகச் சொன்ன மேலப்பாளையத்து நண்பரும் எனக்கு உண்டு. விரதத்தைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. விரதம் தரும் அமைதியான நாள்களே இந்தப் பயிற்சியைத் தொடங்க ஏற்றவை, ஏனென்றால் அப்போது கோபம் கிளம்புவதைச் சற்று விலகி நின்று பார்க்க முடியும்.

ஒரு மண்டலத்துக்கு ஒரு நோட்டு

எண்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 48 நாள்கள், அதாவது ஒரு மண்டலம், வீட்டில் குரல் உயர்ந்த ஒவ்வொரு வேளையையும் அன்று இரவே அதில் எழுத வேண்டும். குரல் உயராமல் முகம் மட்டும் கடுத்த வேளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; பேசாமல் இருந்தே வீட்டை நடுங்க வைக்கும் தந்தையர் நம்மில் நிறையப் பேர். பிள்ளை என்ன செய்தது, நான் சொன்ன சொல் எது, உடம்பில் எங்கே என்ன உணர்ந்தேன், அந்தக் குரல் யாருடையது, அதே குரலை முதலில் கேட்டபோது எனக்கு என்ன வயது என்ற ஐந்தையும் எழுதினால் போதும். ‘நான் மோசமான தகப்பன்’ என்றோ ‘அவன் செய்தது தப்புதானே’ என்றோ தீர்ப்பு எதையும் எழுதாதீர்கள். தன்னைத் திட்டிக்கொள்வதும் உண்மையைப் பார்க்காமல் நழுவிவிடுவதற்கு ஒரு வழிதான்.

என் நோட்டிலிருந்து ஒரு நாளை அப்படியே தருகிறேன். “ஐப்பசி, மழை. பையன் குடையைப் பள்ளியில் விட்டுட்டு நனைஞ்சு வந்தான். ‘கண்ணு எங்கலே போச்சு’ன்னு கத்தினேன். தாடை இறுகிச்சு, வலது உள்ளங்கை சுட்டுது. குரல் அப்பாவோடது. வயசு ஒம்பது. டிபன் பாக்ஸத் தொலைச்ச நாள்.” கடைசி வரியை எழுதும்வரை அந்த டிபன் பாக்ஸ் என் நினைவிலேயே இல்லை. எழுதி முடித்ததும், எவர்சில்வர் மூடியில் தாத்தா பெயர் வெட்டியிருந்ததும், அதைத் தேடி வரச்சொல்லி அப்பா என்னை அந்தி நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பியதும், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து வாய்க்கால் பாலத்துக் கட்டையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்ததும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அத்துடன் இன்னொன்றும் புரிந்தது. நனைந்து நடுங்கிக்கொண்டு நின்ற என் மகனைப் பார்த்துத் துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குடை மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

இருபது நாள்களுக்குப் பிறகு நோட்டை முதலிலிருந்து படித்துப் பாருங்கள். உங்கள் கோபம் எல்லாவற்றின் மேலும் வராது, இரண்டு மூன்று காரியங்களையே சுற்றிச் சுற்றி வரும் என்பது தெரியும். ஒருவருக்கு ஆண்பிள்ளை அழுதால் பொறுக்காது, ஒருவருக்குத் தட்டில் சோறு மீந்தால் பொறுக்காது, மற்றொருவருக்கு எதிர்த்துப் பேசும் மகளைக் கண்டால் பொறுக்காது. பிள்ளையிடம் உங்களால் எதைப் பொறுக்க முடியவில்லையோ, சிறுவயதில் உங்களிடமிருந்து அடித்தோ அவமானப்படுத்தியோ பிடுங்கப்பட்டது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ‘ஒடித்து வளர்க்காத முருங்கையும் அடித்து வளர்க்காத பிள்ளையும் உருப்படாது’ என்ற பழமொழியைக் கேட்டே நாம் வளர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் அந்தப் பழமொழி இன்னும் ஆட்சியில் இருக்கிறது. ஒடித்த இடத்தில் முருங்கை தழைக்கும் என்பது உண்மை. பிள்ளையின் மனத்தில் ஒடித்த இடம் அப்படித் தழைப்பதில்லை, அது நிழலாகிவிடுகிறது.

நிழலுக்குள் போவது கெட்ட குணங்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். சிறுவயதில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் குழுவின் பின்னால் உட்கார்ந்து குடம் அடிக்கப் பழகி, ‘இதெல்லாம் சோறு போடுமாலே’ என்ற ஒரே கேள்வியில் அதைக் கைவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய மகள் மேசையில் விரலால் தாளம் தட்டினால் அவருக்கு எரிச்சல் பொங்கும். அந்த எரிச்சலைத் துருவிப் பார்த்தபோதுதான், தமக்குக் கிடைக்காத ஒன்று மகளுக்கு இயல்பாகக் கிடைத்துவிட்டதே என்ற பொறாமையும் துக்கமும் அதில் கலந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. எங்கே பொறாமை தென்படுகிறதோ, அங்கே நீங்கள் புதைத்து வைத்த நல்லது ஏதோ ஒன்று இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

முந்தின தலைமுறையைக் கேட்பது

அப்பா உயிரோடு இருந்தால், குற்றம் சாட்டும் எண்ணம் சிறிதும் இல்லாதபோது மட்டும் அவரிடம் போங்கள். ‘எங்களை ஏன் அப்படி நடத்தினீங்க’ என்று கேட்டால் எந்தத் தகப்பனும் வாயை மூடிக்கொள்வார். ‘ஒங்களுக்குப் பத்து வயசுல தாத்தா எப்படிப்பா இருந்தாங்க?’ என்று கேட்டால் சொல்லத் தொடங்குவார். அவர் இல்லையென்றால் அத்தையோ சித்தப்பாவோ சொல்வார்கள். நம் குடும்பங்களின் உண்மையான ஏடுகள் அத்தைமார்தான்.

என் அத்தையிடம் அந்த டிபன் பாக்ஸ் கதையைச் சொன்னபோது, வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, “ஒங்கப்பன் சின்னப்புள்ளையில அரிசி வாங்கக் குடுத்த ரூவாயச் சந்தையில தொலைச்சிட்டான்யா. அன்னைக்கு ராத்திரி நாங்க அஞ்சு பேரும் பட்டினி. தாத்தா அவன முத்தத்துலயே நிறுத்திட்டாங்க, விடியுறவர” என்றாள். தொலைந்த பொருள் என்றாலே எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஏன் உள்ளங்கை சுடுகிறது என்பது அப்போது விளங்கியது. முற்றத்தில் நின்ற அந்தச் சிறுவன் என் தகப்பனாகி, என்னை வாய்க்கால் பாலத்தில் உட்கார வைத்தான். நான் என் மகனை ஈரத்துணியோடு நிறுத்தினேன். இதை அறிந்ததனால் அப்பா செய்தது சரி என்று ஆகிவிடாது. எனினும் அவர்மேல் எனக்கிருந்த கசப்பு அன்று பாதியாகக் குறைந்தது. அதே நேரத்தில் ‘நான் இப்படித்தான்’ என்று சொல்லித் தப்பிக்கும் வழியும் எனக்கு அடைபட்டுப் போயிற்று.

அப்பா காலமாகிவிட்டவர்கள், ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்திலோ தம் ஊர்ப் படித்துறையிலோ எள்ளும் நீரும் இறைக்கும்போது, அவரிடமிருந்து பெற்றுக்கொண்டவற்றில் எதைத் தொடரப்போகிறோம், எதை நம்மோடு நிறுத்தப்போகிறோம் என்பதையும் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம். நான் அப்படிச் செய்துவருகிறேன்.

விரட்டாமல் இடம் கொடுப்பது

இவ்வளவும் தெரிந்த பிறகு, அந்தக் கோபத்தை வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்ற வேகம் வரும். அந்த வேகத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். நம் ஊர்க் கொடைகளில் பாடப்படும் சுடலைமாடசாமியின் கதையை நினைத்துப் பாருங்கள். விளக்கின் சுடரிலிருந்து பார்வதிக்குக் கிடைத்த பிள்ளை அவர். பசி பொறுக்காமல் நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணத்தைத் தின்றதனால் கைலாயத்திலிருந்து பூலோகத்துக்கு அனுப்பப்பட்டார். நம் முன்னோர்கள் அவரை விரட்டவில்லை. ஊரின் ஓரத்தில் பீடம் எழுப்பி, உரிய காலத்தில் படையல் போட்டு, ஊரையே காக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். தகப்பன் வீட்டில் இடமில்லாமல் போனவர் காவல் தெய்வமானார். நெல்லையப்பர் கோயில் தாமிரசபையில் ஆடுகிற நடராசரின் திருவடியின் கீழும், அறியாமையின் உருவான முயலகன் அழிக்கப்படாமல் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறான். என் கோபத்துக்கும் அதுபோல ஓர் எல்லையும் ஒரு வேலையும் கொடுக்க வேண்டும் என்பதே நான் அடைந்த தெளிவு. அநியாயத்தைக் கண்டால் எழுந்து நிற்க எனக்கு அது தேவை. குடைக்காக எழுந்து நிற்க அது தேவையில்லை.

நடைமுறையில் இதற்கு நான் கண்ட வழி, கோபம் வரும் வேளைக்கு முன்பே அதற்கு நேரம் ஒதுக்குவது. வாரத்தில் ஒருநாள் விடியற்காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் அரைமணி நேரம் உட்காருகிறேன். வெயில் முதுகுப் பக்கம் ஏறியபின் ஆற்றைப் பார்த்தால் நீரின்மேல் ஒளி பட்டுக் கண் கூசும், உள்ளே ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளிந்து ஓடும் மாதங்களில், என் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் அந்தக் கூச்சம் தணிந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் அதைச் சுற்றி ஓடும் மீன்குஞ்சும் தெரியும். அந்த வாரம் நோட்டில் எழுதியவற்றை அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைப்பேன். கோபத்தில் தாடை இறுகினால் இறுகட்டும் என்று விட்டுவிட்டு, அதனடியில் இருப்பது பயமா, வெட்கமா, பசியா என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் பயம்தான். கோயில் மண்டபம், தேவாலயம், பள்ளிவாசல், வீட்டு மாடி என எந்த இடமானாலும் சரி, தனியாக இருக்க வேண்டும், கைப்பேசி கூடாது.

பக்தி மிகுந்த தந்தையருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தினமும் பூசை செய்கிறேன், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போவதைத் தவறவிட்டதில்லை என்ற நினைப்பே, வீட்டில் என்னைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமையில்லை என்ற செருக்காக மாறிவிடக்கூடும். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பிள்ளையின் மனத்தைப் புண்படுத்திய காலை எனக்கும் உண்டு. ஆன்மிக வளர்ச்சி என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்ளும் நிழலைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், ஏனென்றால் ஊரே அதைக் கையெடுத்துக் கும்பிடும்.

பிள்ளையிடம் சொல்ல வேண்டிய சொல்

நம் ஊர் அப்பாக்கள் தவறு செய்துவிட்டால் மறுநாள் ஓர் அல்வாப் பொட்டலத்தோடு வருவார்கள். வாழையிலையில் நெய் கசியும் அந்தச் சூட்டில் அன்பு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நடந்தது தன் தவறா, அப்பாவின் தவறா என்பதைப் பிள்ளை அந்தப் பொட்டலத்தைப் பிரித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதை வாயால் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியங்களுக்குள் சொல்ல வேண்டும். ‘ஆனால் நீயும்’ என்று மூன்றாவது வாக்கியம் தொடங்கினால் முதல் இரண்டும் வீண்.

குடை விஷயத்தில் மறுநாள் காலை, மகன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த படியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “நேத்து ஒன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாதுய்யா. அது அப்பா மேல தப்பு” என்றேன். அவன் கயிற்றை விட்டு நிமிரவில்லை. சிறிது நேரம் கழித்து, “அப்பம் குடை?” என்று மட்டும் கேட்டான். “சாயங்காலம் ரெண்டு பேருமாப் போய்ப் பார்ப்போம்” என்றேன். போனோம்; வகுப்பறைச் சன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது என் தொண்டை அடைத்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, நம் பழைய காயங்களுக்குப் பிள்ளைகளைத் துணையாக்கினால் அது வேறு விதமான சுமை. அந்தப் பேச்சு மனைவியிடமோ, நம்பத்தகுந்த ஓர் அண்ணாச்சியிடமோ போகட்டும். நோட்டையும் பிள்ளை கையில் கிடைக்காமல் வையுங்கள்.

எல்லாக் காரியமும் நோட்டில் தீராது. கை நீட்டும் பழக்கம் இருந்தால், குடியோடு கோபம் சேர்ந்திருந்தால், எழுத எழுதத் தூக்கம் கெட்டுச் சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால், பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

48 நாள் முடிந்ததும் நோட்டை முதலிலிருந்து ஒருமுறை படியுங்கள். பரிகாரம் என்று எண்ணி அதை ஆற்றில் விட்டுவிடாதீர்கள். பாபநாசத்தில் விட்டுச் செல்லும் துணிகளையே தாமிரபரணி சுமக்க முடியாமல் சுமக்கிறாள். பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், அல்லது அடுப்பில் போடுங்கள். பிறகு இன்னொரு நோட்டை வாங்கி, அன்று மாலை வீட்டுக்கு வந்து கேட்டின் கொண்டியைத் தூக்கியபோது உள்ளே என்ன சத்தம் கேட்டது என்பதை அதன் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.